பெரியாற்று ஒப்பந்தம்: தாள் சொல்வதும் சொல்லாததும்

எழுதியவர் யார், எந்நாளில், எவர்பொருட்டு? எந்தத் தாள் மேசைக்கு வந்தாலும் எங்கள் அலுவலக எழுத்தர்கள் முதலில் நோக்குவன இவை மூன்றே. வரலாறு பயில்வார்க்கும் இவ்வழக்கம் வேண்டும்.

நாம் வாழும் இம்மலையெல்லையின் பெரியாற்று ஒப்பந்தத்தையே எடுத்துக்கொள்வோம். 1886 அக்டோபர் 29ஆம் நாள், திருவிதாங்கூர் மன்னர் ஒருபுறமும் பிரிட்டிஷ் அரசின் இந்தியச் செயலர் மறுபுறமுமாக எழுதப்பட்டது அது. நீரில் மூழ்கும் நிலம் 8,000 ஏக்கர். ஆண்டு வாடகை ஏக்கருக்கு 5 ரூபாய். காலம் 999 ஆண்டு. இருவர் மனமொத்துச் செய்த குத்தகை போலவே தாள் பேசுகிறது. ஆயினும் திருவிதாங்கூரோ ஆங்கில ரெசிடெண்டின் கண்காணிப்பில் இருந்த சமஸ்தானம். பேசியவர்கள் சமமானவர் அல்லர் என்பதைத் தாளுக்கு வெளியேதான் அறிய வேண்டும். 1895இல் அணை முடிந்து, அந்நீர் மதுரைச் சீமையின் வறண்ட வயல்களை வாழ்வித்ததும் மறுக்கவொண்ணா உண்மை.

பென்னிகுயிக்கின் பெயரை அனைவரும் அறிவோம். கல் சுமந்து, காட்டுக் காய்ச்சலில் மாண்ட கூலியாட்களின் பெயர்களை யார் அறிவார்? நிலத்தையும் நீரையும் அளந்த பத்திரம் அவர்தம் உழைப்பை அளக்கவில்லை. நம் வீட்டு முதியோர் நினைவில் எஞ்சியிருப்பதைக் கேட்போம். அதனையும் அம்மூன்று வினாக்களால் சோதித்து எழுதிவைப்போம். இல்லையேல் நம் மக்களுக்கு எஞ்சுவது ஆண்டவர்களின் தாள் மட்டுமே.