பலகைக் கணினியில் திசையன் வரைகலை

பலகைக் கணினியில் திசையன் வரைகலை என்பது, டேப்லெட் எனப்படும் பலகைக் கணினியின் தொடுதிரையில் விரலாலோ எண்ணிமப் பேனாவாலோ புள்ளிகளையும் கோடுகளையும் வளைகோடுகளையும் அமைத்துப் படம் உருவாக்கும் முறை ஆகும். இம்முறையில் படமானது நிறப்புள்ளிகளின் தொகுப்பாக அன்றி, வடிவங்களின் கணித விவரிப்பாகச் சேமிக்கப்படுகிறது. ஆகையால் எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்புகளின் தெளிவு குன்றுவதில்லை. சின்னங்கள், எழுத்துருக்கள், நிலப்படங்கள், பாடநூல் விளக்கப்படங்கள், பதாகைகள் முதலியவை பெரும்பாலும் இம்முறையில் வரையப்படுகின்றன.

படவணு வரைகலையுடன் ஒப்பீடு

ஒளிப்படங்கள் பிக்சல் எனப்படும் படவணுக்களால் ஆனவை. ஏ4 அளவுத் தாள் ஒன்றை அங்குலத்துக்கு 300 படவணுக்கள் என்ற செறிவில் நிரப்ப 2480 × 3508, அதாவது ஏறத்தாழ 87 இலட்சம் படவணுக்கள் தேவை. அதே படத்தைச் சுவரளவுக்குப் பெரிதாக்கினால் ஒவ்வொரு படவணுவும் சதுரக் கட்டமாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். திசையன் படத்திலோ ஒரு வட்டத்துக்கு மையம், ஆரம், நிறம் ஆகியவை மட்டுமே குறிக்கப்படுகின்றன. எந்த அளவில் காட்ட வேண்டுமோ அந்த அளவுக்குக் கணினி அதனைப் புதிதாக வரைந்து தருகிறது.

எனினும் தோல், மேகம், புல்வெளி போன்றவற்றின் நுண்ணிய நிறமாற்றங்களைக் காட்டத் திசையன் முறை ஏற்றதன்று. பலகைக் கணினிகளில் பெயர்பெற்ற புரோகிரியேட் படவணு முறையில் இயங்கும் மென்பொருள் ஆகும். அதில் சிறிய அளவில் வரைந்த சின்னத்தைப் பின்னர்ப் பதாகைக்குப் பயன்படுத்த முயல்வோர், அதனை மீண்டும் முதலிலிருந்து வரைய நேரிடலாம். எனவே வரையத் தொடங்கும் முன்னரே படத்தின் பயனைக் கருதி மென்பொருளைத் தேர்வது இன்றியமையாதது.

வரலாறு

திரையின் மீது நேரடியாக வரையும் எண்ணம் பலகைக் கணினிகளை விடப் பல பத்தாண்டுகள் பழமையானது. 1963 இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்ட் தமது முனைவர் பட்ட ஆய்வுக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், ஒளிப் பேனாவைக் கொண்டு திரையில் கோடுகளையும் வட்டவிற்களையும் வரைய வழிசெய்தது. மூல வடிவத்தை மாற்றினால் அதன் படிகள் அனைத்தும் மாறும் வசதியும் அதில் இருந்தது. 1964 இல் ராண்ட் நிறுவனத்தின் வரைபலகை வெளிவந்தது.

வளைகோடுகளுக்கான கணிதம் பிரெஞ்சு மகிழுந்துத் தொழிலில் தோன்றியது. சிட்ரோயன் நிறுவனத்தில் பணியாற்றிய பால் டி காஸ்டல்ஜோ 1959 இல் இம்முறையைக் கண்டறிந்தார். ஆயினும் நிறுவனம் அதனை வெளியிடாமல் வைத்திருந்தது. ரெனோ நிறுவனத்தின் பொறியாளர் பியேர் பெசியே 1960களில் தமது முறையை வெளியிட்டமையால் இவை பெசியே வளைகோடுகள் என்றே பெயர்பெற்றன.

அடோபி நிறுவனம் 1984 இல் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியையும், 1987 இல் இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளையும் வெளியிட்டது. 2001 இல் எஸ்விஜி வடிவம் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாயிற்று. 2003 இல் இங்க்ஸ்கேப் என்னும் கட்டற்ற மென்பொருள் தோன்றியது. ஐபேட் 2010 இலும், அதற்கான ஆப்பிள் பென்சில் 2015 இலும் வெளிவந்தன. அஃபினிட்டி டிசைனர் 2018 இலும், இல்லஸ்ட்ரேட்டர் 2020 இலும் ஐபேடுக்கு வந்தபின், மேசைக் கணினி இன்றியே முழுமையான திசையன் வரைகலை இயல்வதாயிற்று.

அடிப்படைக் கூறுகள்

திசையன் வடிவத்தின் எல்லைக்கோடு பாதை எனப்படும். பாதை கடந்து செல்லும் புள்ளிகள் கணுக்கள் ஆகும். கணுவிலிருந்து நீளும் கைப்பிடிகள், வளைகோடு எத்திசையில், எவ்வளவு விசையுடன் புறப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. மூடிய பாதையின் உட்பகுதிக்கு நிரப்பு நிறமும், எல்லைக்கு விளிம்புக் கோடும் தரலாம்.

முப்படிப் பெசியே வளைகோடு ஒன்றை இரு கணுக்களும் இரு கைப்பிடி முனைகளும் ஆகிய நான்கு புள்ளிகள் வரையறுக்கின்றன. இந்நான்கையும் வரிசையாக இணைத்தால் மூன்று கோட்டுத்துண்டுகள் கிடைக்கும். அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் இரண்டு துண்டுகள் கிடைக்கும். அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒரு துண்டு எஞ்சும். அதன் நடுப்புள்ளி வளைகோட்டின் மீது அமையும். நடுப்புள்ளிக்குப் பதிலாகப் பிற விகிதங்களைக் கொண்டு இவ்வாறே செய்தால் வளைகோட்டின் எல்லாப் புள்ளிகளையும் பெறலாம்.

இவ்வகை வளைகோட்டால் வட்டத்தைத் துல்லியமாக வரைய இயலாது. ஆனால் நான்கு கணுக்களை வைத்து, கைப்பிடிகளின் நீளத்தை ஆரத்தில் 0.5523 பங்காக அமைத்தால் ஏற்படும் பிழை ஏறத்தாழ 0.03 விழுக்காடு மட்டுமே.

தொடக்கப் பயிற்சி

இலை வடிவம் தொடக்கப் பயிற்சிக்கு எளியது.

1. பேனாக் கருவியால் மேலே ஒரு கணுவும் கீழே ஒரு கணுவும் வைத்து, மீண்டும் முதற்கணுவைத் தொட்டுப் பாதையை மூட வேண்டும்.
2. இரு கணுக்களையும் கூர்முனைக் கணுக்களாக வைத்துக்கொண்டு, ஒரு பக்கக் கைப்பிடிகளை இடப்புறமும், மறுபக்கக் கைப்பிடிகளை வலப்புறமும் இழுத்தால் இலையின் உருவம் கிடைக்கும்.
3. நடுநரம்பைத் தனி அடுக்கில் விளிம்புக் கோடாக வரைய வேண்டும்.
4. இலையைப் படியெடுத்துச் சுழற்றிக் கிளை அமைக்கலாம்.

சிக்கலான உருவங்களுக்கு எளிய வடிவங்களை இணைப்பதே சிறந்த வழி. கணிதப் பாடத்தின் கணச் செயல்களைப் போலவே வடிவங்களுக்கும் சேர்ப்பு, வெட்டு, வித்தியாசம் ஆகியவை உண்டு. ஒரு வட்டத்திலிருந்து, சற்று விலகிய மற்றொரு வட்டத்தைக் கழித்தால் பிறை கிடைக்கும்.

பேனாவால் கைபோன போக்கில் வரைவது எளிது. ஆனால் மென்பொருள் பேனாவின் இருப்பிடத்தை நொடிக்குப் பலமுறை பதிவதால், கையின் சிறு நடுக்கமும் தேவையற்ற கணுக்களாக மாறக்கூடும். கணுக்கள் மிகுந்தால் வளைவு கரடாகும், திருத்துவதும் கடினம். வரைந்தபின் கணுக்களைக் குறைப்பதும், வளைவு திசை மாறும் இடங்களில் மட்டும் அவற்றை வைப்பதும் நல்ல பழக்கங்கள் ஆகும்.

விளிம்புக் கோட்டின் தடிமனிலும் கவனம் தேவை. வடிவத்தோடு தடிமனும் மாறும் அமைப்பு இல்லையெனில், சின்னத்தைச் சிறிதாக்கும்போது கோடுகள் அதே தடிமனில் நின்று உருவத்தை மறைத்துவிடும். இறுதிப் படியில் கோட்டை நிரப்பு வடிவமாக மாற்றுவதால் இது தவிர்க்கப்படுகிறது.

தமிழ் எழுத்துகள்

தமிழ் எழுத்துகளைக் கோவைப்படுத்தும் வசதி இல்லாத மென்பொருள்களில் ‘கொ’ போன்ற எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறித் தோன்றும். அச்சகத்துக்கு அனுப்பும் படியில் எழுத்துகளைப் பாதைகளாக மாற்றினால், எழுத்துரு இல்லாத கணினியிலும் அவை மாறாமல் தெரியும். ஆனால் அதன்பின் சொற்களைத் திருத்தவோ தேடவோ இயலாது. ஆதலால் மாற்றாத மூலப்படி ஒன்றைத் தனியே வைத்திருத்தல் வேண்டும்.

கோப்பு வடிவங்கள்

எஸ்விஜி திறந்த சீர்தரம் ஆகும். அதன் கோப்பு வெறும் உரையாக இருப்பதால் எந்த உரைத்தொகுப்பியிலும் திறந்து படிக்கலாம். வலைத்தளங்களுக்கு இது ஏற்றது. அச்சுக்குப் பிடிஎப் பயன்படுகிறது. ஒளிப்படத்தை எஸ்விஜி கோப்பினுள் வைப்பதனால் மட்டும் அது திசையன் படமாகிவிடாது.

ஒரே மென்பொருளின் தனி வடிவத்தில் மட்டும் சேமிப்பதில் இடர் உண்டு. 1988 இல் வெளிவந்த ஃபிரீஹேண்ட் மென்பொருளின் உரிமை, மேக்ரோமீடியா நிறுவனத்தை வாங்கியதன் வழியாக 2005 இல் அடோபியைச் சேர்ந்தது. 2007 இல் அதன் மேம்பாடு நிறுத்தப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் பழைய ஃபிரீஹேண்ட் கோப்புகளைத் திறப்பது கடினமாயிற்று. பலகைக் கணினிச் செயலிகள் பலவும் தத்தம் தனி வடிவத்திலேயே சேமிப்பதால், முடித்த ஒவ்வொரு படத்துக்கும் எஸ்விஜி அல்லது பிடிஎப் படி ஒன்றைச் செயலிக்கு வெளியே வைத்திருப்பது பாதுகாப்பானது.

இவற்றையும் பார்க்க

பெசியே வளைகோடு
கணினி எழுத்துரு
இங்க்ஸ்கேப்
கணினி வரைகலை