சோளத்தில் விழும் தேமல்

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் மானாவாரிச் சோளம் விதைத்த எவருக்கும் அசுவினியைத் தெரியும். குருத்திலும் இலையடியிலும் அடையாக ஒட்டிச் சாறு குடிக்கும்; இலை பிசுபிசுத்துக் கருப்பு படியும். அதே பூச்சி ஒரு வைரஸையும் சுமந்து வரும் என்பது பலருக்குத் தெரியாது. இளம் இலையில் வெளிர்பச்சையாகக் கோடு கோடாகத் தேமல் விழுந்தால், சத்துக் குறைவு, யூரியா போடு என்போம். குளிர் நாடுகளில் இந்த நோய் கண்ட சில சோள ரகங்களின் இலை சிவந்து கருகும், கண்ணில் படும். நம் மார்கழி ராத்திரிக்கு அவ்வளவு குளிர் ஏது?

உலகம் இதை முதலில் கண்டது கரும்பில்தான். 1892-இல் ஜாவாவில் டச்சுக்காரர்கள் 'மஞ்சள் கோடு நோய்' என்று எழுதி வைத்தார்கள். கரும்பின் வம்சக் கோளாறு என்றுகூட நெடுநாள் நம்பினார்கள். 1920-இல் அமெரிக்காவில் பிராண்டஸ் என்பவர், மக்காச்சோள அசுவினிதான் இதைப் பரப்புகிறது என்று நிரூபித்தார். சோளம், கம்பு, தினைக்கும் தொற்றும் என்பதும் தெரிந்தது. அதே காலத்தில் நம் நாட்டிலும், பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில், கரும்பில் கண்டார்கள்.

அமெரிக்காவில் லூசியானாவின் சர்க்கரைத் தொழில் இதனால் படுத்தே விட்டது. லட்சக்கணக்கான டன் எடுத்த மாநிலத்துக்கு 1926-இல் கிடைத்தது 47,000 டன். பூச்சிமருந்தாலும் பலனில்லை. இந்த அசுவினி ஒரு செடியில் குத்தி, அடுத்ததில் குத்த ஒரு நிமிஷம் போதும், நோய் ஏறிவிடும். மருந்து அதைக் கொல்வதற்குள் வேலை முடிந்திருக்கும். தப்ப வைத்தது தாங்கும் ரகம்தான். முதலில் ஜாவா கரும்பு போனது. 1930-களில் நம் கோயம்புத்தூர் கரும்புகளும் போயின: கோ 281, கோ 290. 1912-இல் தொடங்கிய கோவை கரும்பு நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும் ஆற்றோர நாணலைக் கரும்போடு ஒட்டிய வழியில் வந்தவை அவை. எனக்கு இதில் கொஞ்சம் பெருமைதான்.

சோளத்துக்கு அந்தக் கவனிப்பு கிடைக்கவில்லை. ஆலை முதலாளியா அதற்கு இருந்தார்? இது ஒரு வைரஸ் அல்ல, நான்கு என்று பிரித்து, ஒன்றுக்குச் சோளத்தின் பெயரை வைத்ததே 1989-இல்தான்.

இன்று சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் சோளம் நின்ற கரிசலில் மக்காச்சோளம் நிற்கிறது. அதற்கும் இந்தத் தேமல் வரும். கோடு விழுந்த நாற்றைச் சின்னதிலேயே பிடுங்கிவிட வேண்டும். பிடுங்க ஆள்தான் இல்லை, பாதிப்பேர் பட்டாசுக்குப் போய்விட்டார்கள்.