நோய்க்கு முன்னே எழுதப்படும் காரணம்

நாற்பது ஆண்டுகள் 'அல்அமீன்' என்று அழைத்த ஒருவரை, வஹீ வந்த பின் குறைஷியர் 'மஜ்னூன்' என்றனர். அல்கலம் அத்தியாயத்தின் இரண்டாம் வசனம் அப்பழியை மறுத்தது. நபி (ஸல்) அவர்களின் அறிவில் எதுவும் மாறிவிடவில்லை. குறைஷியரின் நலன்களுக்கு அவர்களது செய்தி இடையூறாயிற்று, அவ்வளவே. பிடிக்காதவரைப் பித்தர் என்பது சந்தையில் நின்றுவிட்டால் ஒரு வசைதான். மருத்துவரின் ஏட்டில் ஏறினால் அது ஒரு மனிதனின் விதியையே மாற்றிவிடும். அவ்வாறு ஏறியதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு.

ஆங்கிலேயர் காலத்தில் 1858ஆம் ஆண்டுச் சட்டப்படி, திரிந்தலையும் மனநோயாளியைக் காவலர் பிடித்து நீதிபதி முன் நிறுத்துவர். பிறகு அவர் மனநோய்க் காப்பகத்திற்குச் செல்வார். நமது மாகாணத்தில் 1871இல் கீழ்ப்பாக்கத்தில் திறக்கப்பட்ட காப்பகமும் அத்தகையதே. உடன் செல்லும் படிவத்தில் 'நோய்க் காரணம்' என்றொரு கட்டம் இருந்தது. சாதுக்களும் ஃபக்கீர்களும் கஞ்சா புகைப்பவர்கள் என்ற எண்ணம் அதிகாரிகளிடையே பரவியிருந்த காலம் அது. காரணம் தெரியாத இடத்தில் 'கஞ்சா' என்று எழுதுவது எளிது. காவலர் எழுதியதை மருத்துவர் தம் ஏட்டில் ஏற்றினார். அந்த ஏடுகளே பிறகு 'கஞ்சா பைத்தியம் தரும்' என்பதற்குப் புள்ளிவிவரமாயின!

1893இல் அமைக்கப்பட்ட கஞ்சா விசாரணை ஆணையம் இதைச் சோதித்தது. தலைவர் மாக்வொர்த் யங். உறுப்பினருள் மூவர் இந்தியர். 1892இல் இந்தியக் காப்பகங்களில் சேர்க்கப்பட்ட 1,344 பேருள் 222 பேருக்குக் கஞ்சா வகைகளே காரணம் என்று எழுதப்பட்டிருந்தது. ஆணையம் ஒவ்வொன்றையும் மீண்டும் விசாரித்து, 98 பேருக்கு மட்டுமே அது பொருந்தலாம் என்றது. எஞ்சிய நூற்றுக்கும் மேற்பட்டோரின் உண்மை நோயை எவர் தேடினார்?

(போதைப்பொருள் ஹராம் என்பதில் நமக்கு ஐயமில்லை. பேச்சு அதைப் பற்றியதன்று. கேளாமல் எழுதப்பட்டதைப் பற்றியது.)

இதனினும் கொடியது அல்ஜீரியாவில் நிகழ்ந்தது. பிரெஞ்சு மருத்துவர் அந்துவான் போரோ 1918இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே 'முஸ்லிம் மனநல மருத்துவக் குறிப்புகள்' என்பதாம். எதையும் எளிதில் நம்புபவர், அறிவார்வம் அற்றவர் என்று ஒரு சமுதாயம் முழுவதையும் அவர் வரையறுத்தார். அல்ஜியர்ஸ் மருத்துவ மாணவர்கள் அதைப் பாடமாகக் கற்றனர். 1953இல் பிளிதா மருத்துவமனைக்கு வந்த ஃபிரான்ஸ் ஃபானோன், ஐரோப்பியப் பெண்களுக்குப் பயன்பட்ட கூட்டுச் சிகிச்சை முஸ்லிம் ஆண்கள் பிரிவில் பயனற்றுப் போனதைக் கண்டார். நோயாளிகளைக் குறைகூறாமல், தம் முறையே அவர்களின் வாழ்வுக்கு அந்நியமானது என்று 1954இல் எழுதினார். அங்கே காப்பி அருந்தும் கூடம் வந்தது, பெருநாள்கள் கொண்டாடப்பட்டன, கதைசொல்லியும் வந்தார். அப்பிரிவு உயிர்பெற்றது.

நம் பக்கமும் கணக்கு உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத் தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். எல்லாவற்றையும் ஜின் என்று எழுதிவிடுவதும் கேளாமல் எழுதுவதே. மாஇஸ் (ரலி) தாமே வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டபோதும், அவரது அறிவில் குறையுண்டா என்று நபி (ஸல்) அவர்கள் அவருடைய கூட்டத்தாரிடம் ஆளனுப்பிக் கேட்டார்கள்.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், சமய நம்பிக்கையையோ சமூக நிலையையோ வைத்து எவரையும் மனநோயாளி எனத் தீர்மானிக்கலாகாது என்கிறது. எறையூரிலிருந்து பெரம்பலூர் அரசு மருத்துவமனைக்கு ஒருவரை அழைத்துச் செல்வோர், முன்பு அவர் எப்படி இருந்தார், தூக்கம் எப்போது கெட்டது, யார் என்ன ஓதிப் பார்த்தார்கள் என்பதையெல்லாம் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லட்டும். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லட்டும்.