வெற்றுப் பக்கமும் ‘இல்லை’ என்னும் விடையும்: மேகத் தரவுத்தள ஓடைவாசிப்பு குறித்து

2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமியில் இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது எனக் கடலை ஒட்டி நெருங்கிக் கிடக்கும் ஊர்களில் பிழைத்தவர்கள் முகாம் முகாமாக உறவுகளைத் தேடி அலைந்தார்கள். அந்நாள்களில் லங்கா சாஃப்ட்வேர் பவுண்டேசனின் முன்னெடுப்பில் தொண்டர்கள் எழுதிய ‘சகானா’ என்னும் திறந்த மூல மென்பொருளில் காணாமற்போனோர் பதிவேடும் இருந்தது. அத்தகைய பதிவேடு இன்று பெரும்பாலும் மேகத் தரவுத்தளம் ஒன்றிலேயே அமையும். அங்கே ஒரு தேடலுக்கு ‘இல்லை’ என்னும் விடை எப்போது உண்மையாகிறது?

அமேசானின் மேகத் தரவுத்தளமான டைனமோடிபி ஓர் அழைப்பில் அதிகபட்சம் 1 மெகாபைட் தரவையே வாசிக்கும். மீதி இருந்தால் தொடர்ச்சிக் குறி ஒன்றைத் தரும். அதைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த பக்கம் வரும். அந்த 1 மெகாபைட் வடிகட்டலுக்கு முன்பே அளக்கப்படுகிறது என்பதில்தான் சிக்கல். நாடு முழுவதன் பதிவுகளுக்குள் மருதமுனைக்காரர் ஒருவரைத் தேடினால், முதல் பக்கம் வெறுமையாக, ஆனால் குறியோடு வரலாம். அவர் பெயர் இருபதாவது பக்கத்தில் இருக்கலாம். வெற்றுப் பக்கத்தைக் கண்டதும் நின்றுவிடும் நிரல், வாப்பாவைத் தேடிவந்த மகளிடம் பொய் சொல்லிவிடுகிறது. குறி வராத பக்கமே கடைசிப் பக்கம்.

ஊர்ப்பெயருக்குத் தனிச் சுட்டி அமைத்தால் போதாதா என்று கேட்கலாம். அமைதிக்காலப் பதிவேட்டுக்குப் போதும். பேரிடரிலோ முஹம்மது, முகம்மது, மொகமட் என ஒரே பெயரை மூன்று முகாம்களில் மூவர் மூன்று விதமாக எழுதுவர். ஊருக்குப் பதில் பள்ளிவாசலின் பெயர் பதிவாகியிருக்கும். எந்தக் கேள்வி வருமென்று முன்கூட்டித் தெரியாதபோது முழு வாசிப்பைத் தவிர்க்க வழியில்லை.

முழு வாசிப்பு நீண்டது. அதனால்தான் விடை வரும்வரை சும்மா காத்திராமல் வேறு வேலையைத் தொடரும் ஒத்திசைவற்ற முறை தேவைப்படுகிறது. ஆனால் அதன் பயனைப் பலர் மிகைப்படுத்துகின்றனர். ஒரு பக்கத்தின் குறி கைக்கு வராமல் அடுத்த பக்கத்தைக் கேட்க முடியாது, சங்கிலி சங்கிலிதான். 100 பக்கங்கள், ஒவ்வொன்றையும் பெற 150 மில்லிவினாடி, பெயர்களை ஒப்பிட இன்னொரு 150 எனக் கொள்வோம். காத்திருந்து செய்தால் 30 வினாடி. ஒப்பீடு நடக்கும்போதே அடுத்த பக்கத்தை வரவழைத்தால் ஏறக்குறைய 15. அட்டவணையைக் கூறுகளாக்கி ஒரே நேரத்தில் வாசிக்கவும் டைனமோடிபி இடம் தருகிறது. அப்போது ஒவ்வொரு கூறுக்கும் தனிக்குறி உண்டு. எல்லாக் கூறுகளும் முடிந்தால்தான் தேடல் முடிந்ததாகும்.

முன்கூட்டி வரவழைப்பதற்கும் அளவு வேண்டும். பட்டிப்பளை ஆற்றை மறித்த சேனாநாயக்க சமுத்திரத்தின் நீரில் வேளாண்மை செய்யும் இம்மாவட்டத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வயல் ஏற்கும் அளவுக்கு மேல் நீர் வந்தால் வரம்பு உடையும். அதனால் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானை முறைவைத்து நீர் விடுவார். 2015இல் வெளியான ‘ரியாக்டிவ் ஸ்ட்ரீம்ஸ்’ வரையறை கணினிக்குச் சொன்னதும் இதையே: பெறுபவர் கேட்ட எண்ணிக்கைக்கு மேல் அனுப்புபவர் அனுப்பக் கூடாது. டைனமோடிபிக்கான ஜாவா நிரல்தொகுதியின் இரண்டாம் தலைமுறை இந்த அடிப்படையிலேயே பக்கங்களை ஓடையாகத் தருகிறது. முகாமில் உள்ள சிறிய கைபேசிக்கு இந்தக் கட்டுப்பாடு உயிர்நாடி.

இணைப்பு அறுந்தாலும் கடைசிக் குறியைச் சேமித்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆயினும் அக்குறி ஓர் இடத்தைக் காட்டுமே தவிர, அந்த நேரத்துப் பதிவேட்டை உறையவைப்பதில்லை. நாம் கடந்துபோன பகுதியில் பிறகு சேர்ந்த பெயர் நம் கண்ணில் படாது. ஆகவே திரையில் வரவேண்டிய விடைகள் இரண்டல்ல, மூன்று: ‘இருக்கிறார்’, ‘இதுவரை பார்த்ததில் இல்லை, தேடல் தொடர்கிறது’, ‘இத்தனை மணிக்குத் தொடங்கிய தேடல் முடிந்தது, அதில் இல்லை’. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே சொல்லால் காட்டும் எந்த நிரலையும் காணாமற்போனோர் பதிவேட்டுக்கு ஏற்கக் கூடாது.