பந்தியும் சகோதரித்துவமும்: பாளையங்கோட்டை மாணவியர் விடுதியை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

அமெரிக்கக் கலாசாலைகளில் கிரேக்க எழுத்துக்களைப் பெயராகச் சூடி, இரகசியப் பிரமாணமும் தனி இல்லமும் உடையனவாய் விளங்கும் ‘சொராரிட்டி’ என்னும் மாணவியர் சங்கம் தாமிரபரணிக் கரையில் தோன்றவில்லை. ஆயின் அச்சங்கம் எந்தத் தேவையால் பிறந்ததோ அத்தேவை இங்கே வேறு உருவில் எழுந்து, வேறு வழியில் நிறைவேறிற்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இண்டியானா மாகாணத்தில், இன்று டிபா பல்கலைக்கழகம் எனப்படும் கல்லூரி 1867-இல் பெண்களுக்குக் கதவு திறந்தபோது, உள்ளே நுழைந்த சிலர் ஆண்களின் கூட்டத்திடையே தனித்து நின்றனர். ஆடவர் சங்கமொன்று பெட்டி லாக் என்னும் மாணவிக்குத் தன் சின்னத்தை அணிந்துகொள்ள இசைந்ததேயன்றி அவளை அங்கத்தினளாக்க இசையவில்லை என்றும், அவ்வவமதிப்பே 1870-இல் ‘கப்பா ஆல்ஃபா தீட்டா’வைத் தோற்றுவித்தது என்றும் அச்சங்கத்தார் சொல்லி வருகின்றனர். வெள்ளையர் சங்கங்கள் கறுப்பினப் பெண்களை அண்டவிடாத காலத்தில், 1908-இல் ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் ‘ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா’ எழுந்தது. (துளசேந்திரபுரத்துக் குடும்பத்தின் பேத்தியான கமலா ஹாரிஸ் இச்சங்கத்தினரே.) ஆக, விலக்கப்பட்டவர்கள் கூடுவதும், கூடியவர்கள் பின்னர்ப் பிறரை விலக்குவதுமாக அச்சரித்திரம் நடந்தது.

பாளையங்கோட்டையில் நிலைமை வேறு. தென்னிந்தியாவின் மிகப் பழைய மகளிர் கல்லூரியாகக் கொள்ளப்படும் சாரா டக்கர் கல்லூரி 1895-இல் உருவானது. அதற்கு முன்பே அது ஆசிரியைப் பயிற்சி நிலையமாக நடந்துவந்தது. பெயருக்குரிய சாரா டக்கரோ இந்திய மண்ணை மிதித்தவரல்லர். இங்கே மிஷன் ஊழியம் புரிந்த சகோதரர் வாயிலாகத் திருநெல்வேலிப் பெண்களின் நிலையை அறிந்து, இங்கிலாந்திலிருந்தே அவர்களுக்காக உழைத்தவர். கல்லூரி முழுவதுமே பெண்கள் ஆகிவிட்ட இடத்தில், ஆடவரிடமிருந்து ஒதுங்கிக் கூடத் தனிச் சங்கம் எதற்கு? மூத்தவரை அக்கா என்று அழைப்பதற்குப் பிரமாணமும் வேண்டியதில்லை. இங்கே எழுந்த வினா, ஓரிடத்தில் படிக்கும் பெண்கள் ஒரே பந்தியில் உண்பார்களா என்பது.

இவ்வினாவின் கனத்தை நெல்லைச் சீமை அறிந்தவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் பாதிரியார், தாம் நடத்திய விடுதிப் பள்ளியில் சாதி பாராமல் ஒரே சமையல் என்று விதித்தபோது எதிர்ப்பு மூண்டது. நூறாண்டு கழித்து, தேசபக்தியின் சிகரமென மதிக்கப்பட்ட வ.வே.சு. ஐயர் 1922-இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலத்தில், பிராமணப் பிள்ளைகள் இருவருக்குத் தனியே உணவளித்த செய்தி வெளிப்பட்டதும், வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ. ராமசாமியும் கிளப்பிய கண்டனத்தில் அந்த ஸ்தாபனமே நிலைகுலைந்தது. விடுதலைக்காக உயிரைத் துச்சமாக எண்ணியவர்களையும் சாப்பாட்டு வரிசை தோற்கடித்தது.

இச்சூழலில் மாணவியர் விடுதியின் சமையற்கட்டைச் சாமானியமாகக் கருதலாகாது. நீண்ட பெஞ்சில் நெருங்கி அமர்ந்து, ஒரே அண்டாவிலிருந்து வார்த்த சாம்பாரைப் பல ஊர்ப் பெண்கள் பிசைந்து உண்பதும், ஞாயிறு மாலை சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து டவுணிலிருந்து திரும்புகிறவள், நெய் கசிந்து காகிதம் பளபளக்கும் அல்வாப் பொட்டலத்தைப் பிரித்தவுடன் அது நாலாபக்கமும் கைமாறுவதும், பிரமாணமில்லாத தீட்சையே என்பேன். அமெரிக்கச் சங்கம் முதலில் தேர்ந்தெடுத்துப் பிறகு சகோதரியாக்குகிறது. விடுதியோ யார் வருவாரென்று தெரியாமலே இலை போடுகிறது.

இதனால் விடுதி பேதங்களை அழித்துவிட்டது என்று கொள்ளற்க. பந்தியில் ஒன்றியவர்கள் கொள்வினை கொடுப்பினை என்று வந்ததும் அவரவர் வீட்டுச் சொல்லுக்கே கட்டுப்பட்டனர். பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை, வீட்டுச் சொல்லை மீறும் திராணியைத் தருவதாகக் கல்லூரியும் உறுதி கூறியதில்லை. இக்குறை நமக்கு மட்டும் உரியதுமன்று. கறுப்பின மாணவியரை வெள்ளையர் சங்கங்கள் சேர்க்க மறுத்த செய்தியை மாணவர் பத்திரிகை அம்பலப்படுத்த, அலபாமா பல்கலைக்கழக நிர்வாகம் தலையிட்டுச் சேர்க்கையை மீண்டும் திறக்க நேர்ந்தது 2013-இல்தான்.