பட்லர் ஆங்கிலத்திலிருந்து வட்டமேசை வரை

நம் சங்கம் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகள் நிறைவெய்தும் இவ்வேளையில், ஆங்கிலக் கல்வியைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் கேட்டனர். கற்கும் முறைகளை வகுத்துரைக்கும் நூல்கள் கடைகளில் மலிந்து கிடக்கின்றன. அவற்றோடு இன்னொன்றைச் சேர்ப்பதைக் காட்டிலும், நம் முன்னோர் இம்மொழியை எதன்பொருட்டுக் கற்றனர், நடுவில் கைவிடாமல் எவ்வாறு கற்று முடித்தனர் என்னும் வரலாற்றைச் சொல்வதே பயனுடையது என்று கருதினோம். கனகசெட்டிக்குளத்து இளைஞர்கள் பலர் பள்ளித் தேர்வில் ஆங்கிலம் என்னும் ஒரே பாடத்தில் இடறி விழுந்து, அத்தோடு படிப்பையே விட்டுவிட்டதை இந்த இருபத்தைந்து ஆண்டுகளில் நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஆதலின் இதனைப் பழங்கதையாக மட்டும் படித்துவிட்டுப் போக வேண்டாம்.

நம்மவருள் ஆங்கிலத்தை முதன்முதலாக நாவில் ஏற்றவர் யாவர்? பட்டம் பெற்றவரல்லர். சென்னைப் பட்டணத்தில் வெள்ளையர் வீடுகளில் சமையற்காரராகவும், குதிரைக்காரராகவும், ஆயாக்களாகவும், பட்லர்களாகவும் உழைத்தவர்கள் அவர்கள். பள்ளிக்கூடம் அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை, அடுக்களை திறந்திருந்தது. காதால் கேட்டே ஒரு மொழியைப் பிடித்துக்கொண்டனர். அதைத்தான் ‘பட்லர் இங்கிலீஷ்’ என்று உலகம் எள்ளி நகையாடியது. 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி அதற்கெனத் தனிப் பதிவே வைத்திருக்கிறது. ‘ஐ டெல்லிங்’ என்றால் ‘சொல்லுவேன்’; ‘ஐ டன் டெல்’ என்றால் ‘சொல்லிவிட்டேன்’. கூர்ந்து நோக்குக: அது தாறுமாறான பேச்சன்று. எதிர்காலத்திற்கு ஓர் உருவம், இறந்தகாலத்திற்கு ஓர் உருவம் என அதற்கும் ஒழுங்கு இருந்தது. ஹூகோ ஷூகார்ட் என்னும் பேரறிஞர் 1891இல் இந்தியர் பேசும் ஆங்கிலத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், சென்னைப் பட்லர்களின் பேச்சையும் ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். துரைமார் சிரித்த பேச்சை ஓர் அறிஞர் ஏட்டில் எழுதி ஆராய்ந்தார்.

அந்த அடுக்களைகளிலிருந்து அறிவும் வந்தது. ஜார்ஜ் ஹாரிங்டன் என்னும் துரையிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பனே திருக்குறள் ஏட்டுச்சுவடிகளை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தவர் என்று பண்டிதர் அயோத்திதாசர் எழுதியுள்ளார். அந்தப் பெயரர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர். தமிழோடு ஆங்கிலமும் பாலியும் வடமொழியும் அறிந்தவர். பாட்டன் காதால் கேட்டார். பெயரன் கண்ணால் படித்தார்.

இனி, நாம் சற்று நின்று நோக்க வேண்டியவர் இரட்டைமலை சீனிவாசனார். நமக்கு வடக்கே, மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் 1859ஆம் ஆண்டு பிறந்தவர். கோயம்புத்தூர்க் கலாசாலையில் படித்த நாட்களைப் பற்றி அவரே தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் கூறியிருக்கிறார். உடன் படித்தோர் ஏறக்குறைய அனைவரும் பிராமணர். நெருங்கிப் பழகினால் குலம் என்ன, குடும்பம் எது, வீடு எங்கே என்று கேட்பர்; அறிந்தால் இழிவாக நடத்துவர் என்னும் அச்சம். ஆகவே பள்ளிக்கு வெளியே எங்காவது ஓரிடத்தில் புத்தகத்தோடு அமர்ந்திருப்பார். மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவார். பாடம் முடிந்ததும் எவரோடும் பேசாமல் விரைந்து வெளியேறிவிடுவார்.

மொழி என்பது பேசிப் பழகி வருவது என்று இன்று ஆசிரியர்கள் அனைவரும் சொல்கின்றனர். அந்தச் சிறுவனுக்குப் பேசிப் பழக ஒரு தோழனும் இல்லை. அவ்வாறிருந்தும் அவர் கற்றார். எங்ஙனம்? அவருடைய வாழ்வை வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒன்று விளங்குகிறது. ‘ஆங்கிலத்தில் வல்லவனாக வேண்டும்’ என்னும் பொதுப்படையான ஆசையை அதில் காணோம். ஒவ்வொரு பருவத்திலும் ஆங்கிலத்தால் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை முன்னே நின்றது. முதலாவது, நீலகிரியில் ஐரோப்பிய வணிக நிறுவனத்தில் கணக்கெழுதும் வேலை; கணக்கில் பிழை வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். அடுத்து 1890ஆம் ஆண்டு சென்னைக்கு வந்தபின் பொதுப்பணி.

இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் ஒருங்கே நடத்த வேண்டும் என்று காங்கிரசார் கோரிய காலம் அது. அவ்வாறு நடந்தால் ஆட்சிப் பதவிகள் யாவும் மேல்சாதியார் கைக்கே போகும், நம் மக்களின் நிலை இன்னும் கீழே இறங்கும் என்று சீனிவாசனார் அஞ்சினார். அந்த முடிவு சரியா என்று இன்று வாதிடுவோர் உண்டு, வாதிடட்டும். நாம் காண வேண்டியது செயலை. 1893இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்திற்கு எதிர்மனு ஒன்று சென்றது. அதன் நீளம் 112 அடி; கையொப்பங்கள் 3,412. அவர் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். இதழ் தமிழில் நம் மக்களுக்கு. மனு ஆங்கிலத்தில் ஆள்வோருக்கு. எந்த மொழி எதற்கு என்பதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை. வீட்டிலும் ஆங்கிலம் பேசினால்தான் நாகரிகம் என்று எண்ணும் நம் இளைஞர் சிலர் இதனை நினைவில் கொள்வது நலம்.

மனுவை அனுப்பினால் போதாது, இலண்டனுக்கே நேரில் சென்று நம் குறைகளை எடுத்துரைக்க வேண்டும் என்று அவர் உறுதி பூண்டார். 1900ஆம் ஆண்டளவில் புறப்பட்டும் விட்டார். ஆனால் கப்பற்பயணம் அவரை இலண்டனில் சேர்க்கவில்லை, ஆப்பிரிக்காவிலே நிறுத்திவிட்டது. தென்னாப்பிரிக்காவில் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலையில் அமர்ந்தார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட தமிழர் நிறைந்த நாடு அது. மொழிபெயர்ப்பாளனின் வேலை எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள். கூண்டில் நிற்பவனுக்கு ஆங்கிலம் தெரியாது. நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. ‘அடித்தேன்’ என்பதற்கும் ‘அடிக்க ஓங்கினேன்’ என்பதற்கும் இடையேயுள்ள வேறுபாட்டில் ஒருவனுடைய சிறைத்தண்டனை தொங்கிக்கொண்டிருக்கும். அத்தகைய நாற்காலியில் ஆண்டுக்கணக்கில் இருந்தவருடைய ஆங்கிலம் எவ்வளவு துல்லியப்பட்டிருக்கும்! (காந்தியடிகளுக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்றுக்கொடுத்தவர் இவரே என்பர்.)

1921ஆம் ஆண்டளவில் தாயகம் திரும்பினார். 1923இல் சென்னைச் சட்டசபையில் உறுப்பினரானார். 1924இல், பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றைத் தாழ்த்தப்பட்ட மக்களும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை அவையில் கொணர்ந்து நிறைவேற்றுவித்தார். சட்டத்தின் சொற்களில் ஒரு சிறு ஓட்டை இருந்தாலும் அதன் வழியே பழைய வழக்கம் உள்ளே நுழைந்துவிடும் என்பது நீதிமன்றத்தில் பழகியவருக்குத் தெரியாததன்று.

1930ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இலண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியபோது, அண்ணல் அம்பேத்கரோடு ஒடுக்கப்பட்டோரின் பேராளராக அங்கே சென்று அமர்ந்தவர் சீனிவாசனார். அப்போது அவருக்கு வயது 71. முன்னர் இலண்டன் செல்லப் புறப்பட்டவர், முப்பது ஆண்டுகள் கழித்துத்தான் அந்நகரை அடைந்தார். இரண்டு திங்கள் வகுப்புக்கு வந்துவிட்டு ‘எனக்கு இது வராது’ என்று கூறும் தம்பிமார் இந்த முப்பது ஆண்டுக் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்க்கட்டும்.

அவருக்குப் பின்னும் பலர் வந்தனர். பள்ளி ஆசிரியராக இருந்து தலைவரான எம். சி. இராஜா, ஒடுக்கப்பட்டோர் நிலையை விளக்கி 1925இல் ஆங்கிலத்திலேயே நூல் எழுதினார். இரங்கூனில் பிறந்த அன்னை மீனாம்பாள் சிவராஜ் தமிழிலும் ஆங்கிலத்திலும் மேடையேறிய பெண்மணி. பெண்களுக்கு ஆங்கிலம் எதற்கு என்று நம் தெருவில் இன்றும் கேட்கும் பெரியவர்கள் அன்னையின் வரலாற்றைத் தனியே படித்தல் வேண்டும்.

இவையெல்லாம் எல்லைக்கு அப்பால் நடந்தவை. நம் ஊரில் என்ன நடந்தது? கனகசெட்டிக்குளம் புதுச்சேரியின் வடகோடி. சில வயல்களைத் தாண்டினால் அந்நாளில் ஆங்கிலேயரின் தென்னார்க்காடு மாவட்டம். இப்பால் பிரெஞ்சு ஆட்சி. 1924ஆம் ஆண்டுத் தீர்மானம் அந்த வயல்வரப்போடு நின்றுவிட்டது. நமக்கு அயல்மொழி என்றால் அது பிரெஞ்சுதான். பிரெஞ்சுச் சட்டம் சமத்துவம் பேசிற்று. ஊர்த் தெரு வேறொன்று பேசிற்று. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி, சாதி வழக்கத்தைச் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்கலாம் என்னும் வாய்ப்பு வந்தபோது, புதுச்சேரிப் பகுதியில் நம் மக்களும் கிறித்தவர்களும் பலர் அதனை ஏற்று, குடும்பப் பெயர் பூண்டனர். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து கடல் கடந்து சென்ற ‘சொல்தா’க்களும் நம்மவருள் உண்டு. அவர்களுக்குப் பிரெஞ்சு மொழி ஓர் அணிகலனன்று. பெயருக்கும் சம்பளத்திற்கும் ஓய்வூதியத்திற்கும் வேண்டிய கருவி.

அந்தக் கருவி ஒரு தலைமுறைக்குள் கூர் மழுங்கியது. 1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் 178 பேராளர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் நிறைவுற்றது. மக்கள் பேராளர் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்று உடன்படிக்கை கூறிற்று. 1965ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஆட்சிமொழியாக்கியது. ஆங்கிலத்தையும் பயன்படுத்தலாம் என்றது. அலுவலகக் கோப்புகளில் ஆங்கிலம் வந்து உட்கார்ந்தது. பிரெஞ்சு கற்றிருந்த நம் பெரியவர் சிலர் திடீரென எழுத்தறியாதவர்போல் நின்றனர். 1985இல் காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. நம் வீட்டு வாசலுக்கு அருகில் என்றே சொல்லலாம். அதன் வாயிற்கதவு ஆங்கிலத்தில் இருந்தது.

இந்நிலையில்தான் நம் சங்கம் மாலை வகுப்பைத் தொடங்கியது. முதலில் நாம் செய்த தவற்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ‘ஆங்கிலம் கற்போம்’ என்று பலகை எழுதி, இலக்கணத்தின் முதற்பாடத்திலிருந்து நடத்தினோம். தொடக்கத்தில் பாயில் இடமில்லை. பொங்கல் கழிந்தபின் பாய் மட்டுமே இருந்தது. கடலுக்குப் போகும் நாள், களத்துமேட்டு வேலை, திருவிழா என்று காரணங்கள் பல சொல்லப்பட்டன. அவற்றினும் பெரிய காரணம் ஒன்றை ஒரு மாணவிதான் வெளியிட்டாள். உரக்கப் படித்தபோது ஒரு சொல்லைத் தவறாக ஒலித்தாளாம், எல்லோரும் சிரித்தனராம். சிரித்தவர் யார்? நம் பிள்ளைகளேதாம். அன்று துரைமார் பட்லரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை நாம் கடன்வாங்கி வைத்திருந்தோம்.

அதன்பின் இரண்டு மாற்றங்கள் செய்தோம். வகுப்பில் பிழைக்குச் சிரிப்பவர் அன்று பாய் சுருட்டி, இடத்தைக் கூட்டிவிட்டுச் செல்ல வேண்டும். இரண்டாவது, ஒவ்வொருவரும் தம் நோட்டின் முதற்பக்கத்தில் ஆங்கிலத்தால் செய்து முடிக்க வேண்டிய ஒரே ஒரு வேலையை, நாள் குறித்து எழுத வேண்டும். ‘நன்றாகப் பேச வேண்டும்’ என்று எழுதினால் ஏற்பதில்லை. ‘கல்வி உதவித்தொகைப் படிவத்தை நானே நிரப்ப வேண்டும்’, ‘அப்பாவின் மருந்துச்சீட்டைப் படித்துச் சொல்ல வேண்டும்’, ‘தம்பியின் அறிவியல் பாடத்தில் ஒரு பக்கத்தைத் தமிழில் விளக்க வேண்டும்’ என்றால் ஏற்போம். முடிந்ததும் அடித்துவிட்டு அடுத்ததை எழுதலாம். நாளொன்றுக்கு ஐந்து புதுச்சொற்கள்; முந்நூறு நாட்கள் வந்தால் 1,500 ஆகிறது. 1930இல் ஆக்டன் என்னும் அறிஞர் 850 சொற்களைத் தேர்ந்து, அவற்றைக் கொண்டே அன்றாடச் செய்திகளைச் சொல்லலாம் என்று ‘அடிப்படை ஆங்கிலம்’ வகுத்தார். ஆகவே நம் கணக்கு அப்படியொன்றும் குறைந்ததன்று. எல்லோரும் நிலைத்தார்கள் என்று கூற மாட்டோம். பாயில் பாதிப்பேர் நிலைத்தனர். முன்பு அதுவும் இல்லை.

அவர்களுள் ஒரு குழுவினர் எடுத்துக்கொண்ட வேலை, நம் தெருவுக்கு விளக்கு வேண்டி ஒரு விண்ணப்பம். மூன்று வாரங்கள் எழுதினர், அடித்தனர், மீண்டும் எழுதினர். ‘கருணை கூர்ந்து’ என்னும் பொருள்படும் தொடரை வைப்பதா, எடுப்பதா என்று ஒரு மாலைப்பொழுது முழுதும் வாதம். எடுத்துவிட்டனர். பின்னர் வீடு வீடாகக் கொண்டுசென்றனர். 1893ஆம் ஆண்டு மனுவில் ஒப்பமிட்ட 3,412 பேருள் அந்த ஆங்கிலத்தைத் தாமே படிக்க வல்லவர் மிகச் சிலராகவே இருந்திருத்தல் வேண்டும். நம் தெருவில் இளையோர் பலர் படித்துப் பார்த்தே கையெழுத்திட்டனர்; ஒருவர் எழுத்துப்பிழை ஒன்றையும் திருத்திக் கொடுத்தார். கடைசி வீட்டு மூதாட்டிக்குக் கைநாட்டுத்தான். மை தொட்டுக்கொள்ளும் முன் அவர், “என்ன எழுதியிருக்குன்னு சொல்லு, அப்புறம் வைக்கிறேன்” என்றார். முன்பு சிரிக்கப்பட்ட அந்த மாணவி அவர் அருகே திண்ணையில் அமர்ந்து, ஆங்கிலத்தில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி என்று முழுவதையும் படித்துக் காட்டினாள்.