பகுதி, முழுமை, பொதுமை (கிரேக்க மெய்ப்பொருளியல்)

பல பொருள்களுக்குப் பொதுவான இனமோ பண்போ உண்மையில் ஒன்றுதானா? ஒன்றென்றால் அது அவை ஒவ்வொன்றிலும் எப்படி இருக்கிறது? கிரேக்கத் தத்துவத்தில் இவ்வினா கூர்மை பெற்றது பகுதி, முழுமை பற்றிய சிக்கலாகத்தான். களம், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிளேட்டோ எழுதிய ‘பார்மெனிடீஸ்’ உரையாடல்.

அழகு என்னும் வடிவத்தில், அதாவது அவற்றுக்குப் பொதுவான அந்த ஒன்றில், பங்குபெறுவதால்தான் அழகிய பொருள்கள் அழகாயிருக்கின்றன என்கிறார் அதில் வரும் இளம் சாக்ரடீஸ். ஒவ்வொன்றிலும் இருப்பது முழு வடிவமா, ஒரு துண்டா என்று மடக்குகிறார் முதியவர் பார்மெனிடீஸ். ஒரே பகல் எல்லா இடத்திலும் பிரியாமல் இருக்கிறதே என்கிறார் சாக்ரடீஸ். பார்மெனிடீஸோ பகலை விலக்கிவிட்டு, பலர் தலைமேல் விரித்த பாய்த்துணியை வைக்கிறார். துணியென்றால் தலைக்கொரு பகுதிதான். ஆகவே ஒரு பொருளைப் பெரிதாக்குவது பருமையின் துண்டு; துண்டோ முழுப் பருமையைவிடச் சிறியது. சிறியதால் பெரிதாவது அபத்தம். சாக்ரடீஸ் பகலை இவ்வளவு எளிதில் விட்டுக்கொடுத்திருக்க வேண்டியதில்லை.

பிளேட்டோவின் ‘தியாட்டெட்டஸ்’ உரையாடல் சிக்கலை எழுத்துக்குக் கொண்டுபோகிறது. கிரேக்கத்தில் சாக்ரடீஸ் பெயரின் முதலசை ‘சோ’. அது சிக்மா, ஒமேகா என்ற இரண்டெழுத்துதானா, அவற்றிலிருந்து பிறந்த வேறொன்றா? பிளேட்டோ முடிவு சொல்லவில்லை.

அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) சொன்னார். அசையைப் பிரித்தால் எழுத்துகள் எஞ்சும், அசை எஞ்சாது. எனவே எழுத்துகளுக்கு மேல் ஏதோ உண்டு. அதுவும் இன்னொரு உறுப்பானால், அதையும் மற்றவற்றையும் இணைக்க மேலும் ஒன்று வேண்டும். இது முடிவின்றி நீளும். ஆகவே அது உறுப்பன்று. உறுப்புகளை அந்த அசையாக்கும் காரணம். ‘மெய்ப்பொருளியல்’ நூலின் ஏழாம் பகுதி இறுதியில் வரும் இந்த வாதமே அவருடைய வடிவக் கொள்கையின் அச்சாணி. அதே பகுதியில், பொதுமை எதுவும் தனிப்பொருளாக நிற்காது என்றும் வாதிடுகிறார். இனம், வகை பற்றி ஐந்தாம் பகுதி சொல்வது இருமுனைப்பட்டது: விலங்கு என்ற இனத்தில் மனிதன் ஒரு பகுதி, மனிதனின் வரையறையிலோ விலங்கு ஒரு பகுதி.

பின்வந்த ஸ்டோயிக் தத்துவப் பள்ளியினர் பொதுமைகளை வெறும் மனக்கருத்துகள் என்று ஒதுக்கினர். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் போர்ஃபிரி தம் ‘இசகோகே’ நூலின் தொடக்கத்திலேயே மூன்று வினாக்களை அடுக்கினார். இனமும் வகையும் உண்மையில் உள்ளவையா, மனத்தில் மட்டுமா? உண்மையென்றால் உடலுள்ளவையா, உடலற்றவையா? புலப்பொருள்களிலிருந்து பிரிந்தவையா, அவற்றிலேயே உள்ளவையா? கேட்டவர், இது ஆழ்ந்த விஷயம் என்று சொல்லி விலகிக்கொண்டார்.

6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நூலுக்கு லத்தீனில் உரை எழுதிய போயித்தியஸ் விலகவில்லை. ஒன்று பலருக்குப் பொதுவாகும் வழிகள் உண்டு: பொதுச்சொத்தைக் கூறுபோட்டுக்கொள்ளலாம், ஒரு குதிரையை முறைவைத்து ஓட்டலாம், ஒரு நாடகத்தை எல்லாரும் ஒருங்கே பார்க்கலாம். இம்மூன்றில் எதுவும் இனத்துக்குப் பொருந்தாது என்றார் அவர். இனம் முழுதாக, ஒரே நேரத்தில் பலவற்றில் இருக்கவேண்டும். அவற்றின் இருப்பையே ஆக்கவும் வேண்டும். ஐரோப்பிய இடைக்காலத்தின் பொதுமை விவாதம் இந்த உரையிலிருந்தே கிளம்பியது.